ஆம்பூரை நீங்களே சுற்றிப் பாருங்கள்

நயீம் பாய் டீக்கடை வாசலிலேயே இன்பராஜுக்கு முதல் சிக்கல் வந்தது. 'இங்கே சுற்றுலாப் பயணி போல விழிக்க வேண்டாம். ஊர்க்காரரோடு ஊர்க்காரராகக் கலந்துவிடவும்' என்றது கையிலிருந்த மேப். எப்படிக் கலப்பது என்று அதில் இல்லை.

மேப் பிரிசில்லா தயாரித்தது. 'ஆம்பூரை நீங்களே சுற்றிப் பாருங்கள்' என்று தலைப்புப் போட்டு, தன் தெருவில் மூன்று இடங்களைக் குறித்து, லேமினேஷனும் செய்திருந்தாள். ஷூ கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து மேசை இன்பராஜ். ஆறு மாதமாகத் தொண்டையில் நிற்கும் விஷயத்தை நேற்று அவன் ஒருவழியாக ஆரம்பித்தபோது, "மொதல்ல எங்க தெருவச் சுத்திப் பாத்துட்டு வாங்க. பன்னெண்டு மணிக்கு சர்ச் வாசல்ல பேசலாம்" என்றுவிட்டாள். காட்பாடியிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கிவிட்டான்.

"இன்னா தம்பி, டீ மட்டுமா? சிகரெட்டு?" என்றார் நயீம் பாய்.

பிறந்ததிலிருந்து பிடித்ததில்லை. ஆனால் கலக்க வேண்டுமே.

"அது இல்லாமயா பாய்? ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட்டு."

"ஜாஸ்தியாச்சே" என்று வருத்தத்தோடு பற்றவைத்துக் கொடுத்தார் பாய். இன்பராஜ் இருமிக்கொண்டே இரண்டாவது இடத்துக்கு நடந்தான்.

அங்கே வீட்டு வாசலில் உட்கார்ந்து கம்பெனி ஷூவுக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்த ஹெலன் அக்கா, ஒருமுறை மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாப்பா இந்த நாத்தம்? அம்மா அப்பா கேக்க மாட்டாங்க?"

பேச்சை அங்கேயே முடிக்க நினைத்தான். "அவங்களோட பேசி நாலு வருஷம் ஆச்சுக்கா."

காலையில் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் பையில் இன்னும் சூடாறவில்லை.

ஹெலன் அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "அய்யய்யோ! அப்ப சோத்துக்கு? உள்ள வா, பிரியாணி இருக்குது."

மணி பதினொன்றே முக்கால். உட்கார்ந்தால் சர்ச் வாசல் போச்சு.

"வேணாங்கா. பொண்டாட்டி சமைச்சு வெச்சிருப்பா."

அக்கா பிரியாணியை விட்டுவிட்டுப் போனைத் தேட உள்ளே போனார். பொய் பலித்துவிட்டது என்று தன்னை மெச்சிக்கொண்டான் இன்பராஜ்.

மூன்றாவது இடம், சர்ச்சுக்கு எதிரே மரியம்மாளின் பூக்கடை. அவனுக்கு முன்பே செய்தி அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"கல்யாணம் ஆயிடுச்சாமே?"

"அது... இப்ப இல்லீங்க."

"வுட்டுட்டியா?"

"ஆகவே இல்லீங்க! சும்மா சொன்னேன்!"

"ஓஹோ. பொய் வேற."

மரியம்மாள் அவன் கையிலிருந்த மேப்பை வாங்கி, முந்தானையால் இருபுறமும் துடைத்தார். மணி பன்னிரண்டு. சர்ச் வாசலில் ஒரு ஆடு மட்டும் நின்றது. இன்பராஜ் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மரியம்மாள் போனை எடுத்தார்.

"பிரிசில்லாவா? அத்த பேசறேன். நீ வெயில்ல கெளம்பாத. மேப்பு கிழியாமதான் இருக்குது, அடுத்த மாப்ளைக்கு ஆவும்."