ராகு காலத்தில் லண்டன் விமானம்

தாராவி,
8-3-1967, புதன் காலை.

மதிப்பிற்குரிய பூதத்தான் மாமா அவர்களுக்குக் கணேசபாண்டியன் வணங்கி எழுதுவது. குழாயில் தண்ணீர் வருகிற நாட்களில் நாங்கள் அனைவரும் சுகம். தங்கள் சுகமும் அத்தை சுகமும் அறிய ஆவல்.

உங்கள் மருமகனான என் அண்ணன் வானமாமலை போகிற லண்டன் எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று கேட்டிருந்தீர்கள். நாலாயிரத்து ஐந்நூறு மைல். வழியில் நின்று போவதையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம். எங்கள் சந்தில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்க இரண்டு மணி நேரம். ஆறு குடம் நிரம்புவதற்குள் லண்டன் வந்துவிடும். ஆகாயத்தில் இவ்வளவு வேகம் காட்டத் தெரிந்த உலகத்துக்கு இங்கே இன்னொரு குழாய் போடத் தெரியவில்லை.

விமானம் நேற்று செவ்வாய் பிற்பகல் மூன்றரைக்கு, அதாவது நடு ராகு காலத்தில். வியாழக்கிழமை லண்டன் ரொட்டி ஆலையில் போய் நிற்காவிட்டால் அண்ணனுக்கு வேலை கிடையாது. கிடைத்த டிக்கெட்டும் அது ஒன்றுதான், வேறு நாள் பார்க்க வழியில்லை. எதிர்வீட்டுப் பூலோகம் வந்து, "ஏலே, விமானம் மேற்க போவுது, ராகுவும் மேற்கதான் போவும். கூடவே வரும்லா. ஒன்றர மணி நேரம் மூணு மணி நேரமாயிரும்" என்று சொல்லி மதினியை அழவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதமும் வந்தது: முதல் நாளே நல்ல நேரத்தில் பயணப் பெட்டியை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடு, அதுவே புறப்பட்ட கணக்கு, அதற்குப் பெயர் பரஸ்தானம் என்று. திங்கள் மாலை பெட்டியை அடுத்த சந்து அப்துல் வாஹித் வீட்டில் வைத்தோம். நேற்று காலை எடுக்கப் போனால் வீட்டில் பூட்டு. மனைவி பிள்ளைகளை உல்லாஸ்நகர் அனுப்பிவிட்டு அவர் அம்பர்நாத் ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தார். "பாஸ்போர்ட்டாவது கையில இருக்கா?" என்றேன். "முக்கியமான சாமான வச்சாத்தான் பலிக்கும்னு அப்பா எழுதியிருக்காவ, அதையும் பெட்டிக்குள்ள வச்சேன்" என்றார்கள் மதினி. பூட்டை உடைக்கலாமென்றால் அது நான் வேலை பார்க்கும் குர்லா பட்டறையில் செய்தது. யாராலும் உடைக்க முடியாது என்று சொல்லி நானே அவரிடம் விற்றது. மாமா, நான் பொய் சொல்லவில்லை, உடையவில்லை. ரயிலில் தொங்கிக்கொண்டு அம்பர்நாத் போனேன். காவல்காரன் "சாஹேப் நஹீ ஹை", சாகிப் இல்லை என்று ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தான். நான் கேட்டது சாகிபை அல்ல, சாவியை. கடைசியில் வாஹித்தே வெளியே வந்து, "அமானிதமா, நம்பிக் குடுத்து வச்ச பொருள்லா தம்பி, பூட்டாமப் போவ முடியுமா?" என்றார். அவர் மேல் என்ன குற்றம்? சாவியோடு ஓடிவந்து, பெட்டியோடு டாக்ஸி பிடித்து, சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் அண்ணனைக் கடைசி ஆளாக உள்ளே தள்ளினோம்.

விமானம் ராகு காலத்தில்தான் கிளம்பியது. ஒன்றும் ஆகவில்லை. இங்கே விடிந்துவிட்டது, லண்டனில் இன்னும் இருட்டு. அண்ணன் ரொட்டிக்காரர்கள் கொடுத்த கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருப்பார். இனியாவது பஞ்சாங்கத்தைப் பரண்மேல் போடுங்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை, பாதிக் கோபத்தில்தான். தங்கள் ஆசி எங்களுக்கு எந்த நேரத்திலும் வேண்டும்.

அன்புள்ள,
கணேசபாண்டியன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அண்ணன் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறார். இரண்டு மணி நேரம் பறந்ததும் இன்ஜின் கோளாறு என்று திரும்பி, இன்னும் இரண்டு மணி நேரம் பறந்து, சாந்தாகுரூஸிலேயே இறக்கி, விடியும்வரை அங்கேயே உட்காரவைத்துவிட்டார்களாம். ஆக, பம்பாயிலிருந்து பம்பாய்க்கு விமானத்தில் நாலு மணி நேரம். பஞ்சாங்கத்தைப் பற்றி நான் எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். இன்று மூன்றரைக்கு மறுபடி ஏற்றுகிறார்கள். மதினி இப்போதே பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல நேரம் வந்தாலும் இறங்க மாட்டார்களாம்.