சும்மா சொன்னேன்

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு மானேஜரின் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்ப்பதற்கு முன்பே என்ன வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"சமையல்காரர்தான் கொன்னார். விஷம் சூப்புல இல்ல, கரண்டியில" என்று நேயர்கள் பக்கத்தில், எல்லோரும் பார்க்க எழுதியிருந்தது. எழுதியவர் வைத்துக்கொண்டிருந்த பெயர்: 'சும்மா சொன்னேன்'.

இது பதினோராவது வாரம். இதுவரை அந்த ஆள் சொன்ன எதுவும் தப்பியதில்லை.

மானேஜர் குப்பை கொட்டியது 'துப்பு' என்ற இணையத் தொலைக்காட்சியில். அதில் பாட்டு கிடையாது, சிரிப்பு கிடையாது, செய்தி கிடையாது. கொலை மட்டும்தான். திங்கட்கிழமை ஒருவர் சாவார். வியாழன் வரை எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்படுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கொலைகாரர் அகப்படுவார். அடுத்த திங்கள் புதுப் பிணம்.

தொடங்கிய வருடம் ஓஹோவென்று ஓடியது. அப்புறம் பெரிய நிறுவனங்களும் கொலையில் இறங்கின, 'துப்பு' படுத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்பு புது எழுத்தாளர் வந்தபிறகுதான் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. முதல் வாரம் மனிதர் கொஞ்சம் தடுமாறினார். இரண்டாவது வாரத்திலிருந்து பிடித்துக்கொண்டார். முடிவு என்றால் அப்படி ஒரு முடிவு! யாருக்கும் தோன்றாது, பார்த்தபிறகோ "அடடா, வேற யாரா இருக்க முடியும்?" என்று இருக்கும். அந்தக் கடைசிப் பக்கத்தை வியாழன் காலையில்தான் கையில் கொடுப்பார்.

"முடிவு முதல் நாளே என் மனசுல பூட்டிக் கிடக்கு. சாவி என்கிட்ட" என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வார்.

அந்தப் பூட்டை எவனோ வாராவாரம் புதன்கிழமை உடைத்துக்கொண்டிருந்தான். முடிவு தெரிந்தபிறகு வெள்ளிக்கிழமை யார் உட்காருவார்கள்? சந்தாதாரர்கள் கும்பல் கும்பலாகக் கழன்றுகொண்டார்கள்.

மானேஜர் உடனே 'சும்மா சொன்னேன்' கணக்கை முடக்கினார். பத்தே நிமிடத்தில் 'மறுபடியும் சும்மா சொன்னேன்' வந்து, அதே சமையல்காரர், அதே கரண்டி என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு அறுநூறு பேர் கைதட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலை மேடம் கூப்பிட்டார். 'துப்பு'வின் முதலாளி அவர்தான்.

"அடுத்த வாரத்தோட இந்தத் தொடர் முடியுது. கடைசிக் கதையோட முடிவும் முன்னாடியே வெளிய வந்துச்சுன்னா, சனிக்கிழமை நான் கடையை இழுத்து மூடிடுவேன். நீங்க வேற இடம் பார்த்துக்கலாம்."

வேற இடம் தயாராகவே இருந்தது. அதுதான் மானேஜரின் கவலை.

"எங்க அண்ணன் மெத்தைக் கடைக்கு ஆள் தேடறார்" என்று மனைவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கணக்கு எழுதவா?"

"இல்லீங்க. கண்ணாடி அலமாரிக்குள்ள மெத்தை போட்டிருக்காங்கல்ல, அதுல படுத்துக் காட்ட. ரோட்டுல போறவங்க பார்ப்பாங்களாம். உங்களுக்குத்தான் படுத்த உடனே தூக்கம் வருமே!"

தெருவே பார்க்க, பைஜாமாவோடு, மைத்துனர் கடையில். அதை நினைத்தாலே மானேஜருக்குத் தூக்கம் வருவதில்லை.

எனவே அவர் துணிந்தார். அன்று காலையே எழுத்தாளர் இந்த வாரக் கதையின் கடைசிப் பக்கத்தை நீட்டினார். சமையல்காரர், கரண்டி, எல்லாம் அச்சு அசலாக இருந்தது. மானேஜர் அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, தானே உட்கார்ந்து வேறு முடிவு எழுதினார். திங்கட்கிழமை மின்சார மீட்டர் பார்க்க வந்து, "மீட்டர் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போன ஆள்தான் கொலைகாரர்.

"எதுக்குய்யா கொன்னான்?" என்று எழுத்தாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருக்கும் தெரியக்கூடாதுல்ல?"

"எனக்கே தெரியலையே!"

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்குத் திட்டு வந்து குவிந்தது. எண்ணூறு பேர் அன்றே விலகினார்கள். போகும்போது சும்மா போகவில்லை. "இதுக்கு 'சும்மா சொன்னேன்' சொன்ன முடிவே எவ்வளவோ தேவலை" என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "முடிவு அவர் மனசுலதான் இருக்குன்னா, அவர் வாயிலருந்துதான் ஒழுகுது. வீட்டுலயோ, சலூன்லயோ, போன்லயோ. ஆளை அடைச்சு வைங்க."

அடைத்துவைத்தார். புதன்கிழமை காலை, நகரத்துக்கு வெளியே ஒரு லாட்ஜில் இரண்டாவது மாடி அறை. போன் கிடையாது, டி.வி. கிடையாது. ஒரு மேஜை, ஒரு கத்தைக் காகிதம், நான்கு பேனா. வெளியே பூட்டு, சாவி மானேஜர் சட்டைப்பையில். சாப்பாடும் காபியும் லாட்ஜ்காரர் வராந்தா ஜன்னல் வழியாகத் தருவார்.

எழுத்தாளர் மதியம் வரை கூண்டுப் புலி மாதிரி நடந்தார். அப்புறம் ஜன்னலுக்கு வந்து, வெளியே காவலிருந்த மானேஜரைக் கூப்பிட்டார்.

"சாயங்காலம் ஒரு அஞ்சு நிமிஷம் போன் வேணுமே. ஆறு மணிக்கு."

"எதுக்கு?"

"வீட்டுல பேசணும்."

"நான் பேசிக்கறேன். என்ன சொல்லணும்?"

எழுத்தாளர் நகத்தைக் கடித்தார். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

மாட்டிக்கொண்டதும் முகம் எப்படி வெளுக்கிறது பார் என்று மானேஜருக்கு உள்ளுக்குள் குஷி. அதோடு அவர் கையில் இன்னொரு துருப்பும் இருந்தது. சந்தாதாரர் பட்டியலைக் குடைந்ததில் 'சும்மா சொன்னேன்' ஆசாமியின் விலாசம் கிடைத்துவிட்டது. கடைத்தெருவில் முதல் மாடி, பல் ஆஸ்பத்திரி.

வரவேற்பில் இருந்த பெண், டோக்கன் இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று கறாராகச் சொன்னாள். மானேஜர் டோக்கன் வாங்கினார். ஒரு மணி நேரம் காத்திருந்து உள்ளே போய், விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். பல் டாக்டரம்மா அதற்குள் கண்ணாடியை விட்டுவிட்டார்.

"இந்தக் கடைவாய்ப் பல்லு போகவேண்டியதுதான். எத்தனை நாளா வலி?"

"ஆ... நா... உப்பு..."

"உப்புத்தண்ணில கொப்புளிச்சா சரியாகாது. ஆடாம இருங்க."

ஊசி, குறடு, ஒரு இழுப்பு. மானேஜருக்குக் கண்ணில் பொறி பறந்தது. பாதி முகம் மரத்து, வாயில் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்தபிறகுதான் வந்த காரியத்தைச் சொல்ல முடிந்தது. சொல்லும்போது மெத்தைக் கடை நினைவு வந்து குரல் உடைந்தது. டாக்டரம்மாவுக்கு நிஜமாகவே பாவமாகிவிட்டது.

"அடக் கடவுளே! எனக்கு உங்க ஆபீஸ்ல யாரையுமே தெரியாதுங்க. சாயங்காலம் டீ குடிக்கிறப்ப, இவங்கதான் செஞ்சிருப்பாங்கன்னு தோணறதை எழுதுவேன். தப்பாத்தான் இருக்கும்னு நினைப்பேன். எப்படியோ சரியாயிடுது."

"பதினோரு வாரமுமா?"

"எனக்கே ஆச்சரியம்தான். உங்க எழுத்தாளரும் நானும் ஒரே மாதிரி யோசிக்கிறோம் போல."

மானேஜர் இதை நம்பவில்லை. ஆனால் சண்டை போடும் நிலையில் அவர் வாய் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டார். "இந்த வாரம் மட்டும் எழுதாதீங்கம்மா. என் பொழைப்பே இதுல இருக்கு."

"சரிங்க, எழுதலை. ஒரு பல்லே கொடுத்திருக்கீங்க" என்று சிரித்தார் டாக்டரம்மா. "நான் இப்பவே விமானத்துக்குக் கிளம்பறேன், தங்கச்சி ஊருக்கு. திங்கட்கிழமை வரைக்கும் போனைத் தொடப்போறதில்ல. ஆனா இந்தத் தடவை பிரமாதமா ஒண்ணு தோணுச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்லட்டுமா? கொன்னது அந்த..."

"ஐயோ, வேண்டாம்!" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மானேஜர் படியிறங்கி ஓடினார்.

லாட்ஜுக்கு வரும்போது மணி ஆறே கால். போனைப் பார்த்தார். 'துப்பு' பக்கத்தில் சத்தமே இல்லை. இத்தனை வாரத்தில் இப்படி ஒரு புதன்கிழமையை அவர் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் எடுத்த பல்லின் வலிகூடத் தெரியவில்லை. மேடத்துக்குச் சேதி அனுப்பிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் பூட்டைத் திறந்தார்.

அறை முழுக்கக் கசக்கிய காகிதம். எழுத்தாளர் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் இருந்த ஒரே முழுத் தாளில் 'முடிவு' என்று மட்டும் எழுதி, அடிக்கோடு போட்டிருந்தது. மானேஜரைக் கண்டதும் தாவி எழுந்தார்.

"மணி ஆறு ஆயிடுச்சா? அந்த 'சும்மா சொன்னேன்' ஏதாவது எழுதிச்சா?"

"இனிமே எழுதாது!" மானேஜர் வீங்கிய கன்னத்தோடு சிரித்தார். "ஆளையே கண்டுபிடிச்சுட்டேன். காலைப் பிடிக்காத குறையா கெஞ்சி நிறுத்திட்டேன். திங்கட்கிழமை வரைக்கும் ஊர்லயே இல்ல. கொலைகாரன் யாருன்னு என் காதுல சொல்ல வந்தாங்க. நானா விடுவேன்? காதைப் பொத்திக்கிட்டு ஓடியே வந்துட்டேன்!"

எழுத்தாளர் அப்படியே கட்டிலில் சரிந்தார்.

"படுபாவி! அப்ப, கொன்னது யாருன்னு எனக்கு யாருய்யா சொல்லுவாங்க?"