லா ஷப்பேலில் கிடைக்காத வடகம்

'அங்கியே கெடைக்கும்' என்கிற இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெரிய பெட்டியோடு வந்து இறங்கும். நம் ஊர் வெயில் மேலே பட்டதும் வாயைத் திறக்கும். அயல்நாட்டில் நம் ஆட்களுக்காக நம் ஆட்களே நடத்துகிற கடைத்தெரு ஒன்றின் பெருமையைக் காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்து, கொசுவலைக்குள் போன பிறகும் உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டிருக்கும். கேட்டவர்கள் யார்? யாருமில்லை. அதனால் என்ன?

வில்லியனூர் அமிர்தத்தின் தம்பி சூசைநாதன் இந்த இனத்தில் நல்ல வளர்ச்சி கண்டவன். இருப்பது பாரீசில். கடைத்தெரு, லா ஷப்பேல்.

போன தடவை அமிர்தம் முதுகு காயக் காயப் பிழிந்து உலர்த்திய வெங்காய வடகத்தை, "அங்கியே கெடைக்கும்க்கா" என்று மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனான். வலிக்காதா? இந்த முறை அவளுக்கு ஒரே பிடிவாதம். அவன் விமானம் ஏறுவதற்குள், 'இது அங்க கெடைக்காதுக்கா' என்று ஒரே ஒரு தடவை அவன் வாயால் கேட்டுவிட வேண்டும்.

முருங்கைக்கீரையில் ஆரம்பித்தாள். "கட்டுக்கட்டா கெடைக்குதுக்கா." மணலில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வைத்தாள். "தோலுரிச்சே பாக்கெட்ல வருது." பனங்கிழங்கு? ஐஸ் பெட்டியில் அடுக்கியிருக்கிறதாம். நெத்திலிக் கருவாடு? ரகத்துக்கு ஒரு கூடையாம்.

அமிர்தம் பாகூர் ஏரிக் கெளுத்தியை உயிரோடு வாளியில் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். அது துள்ளி, சூசைநாதனின் புது வெள்ளைச் செருப்பின்மேல் விழுந்தது.

காலை உதறியபடியே அவன் சொன்னான். "அங்கியும் இருக்குக்கா. துள்ளாது. அதான் வசதி."

அமிர்தத்தின் கணவர் பாக்யராஜ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "பேசாம நம்மூரு கொசு நாலு புடிச்சி டப்பால போட்டுக் குடு."

"கொசுவும் இப்ப அங்க வருது மாமா."

புறப்படும் நாள் மதியம் பாரீசிலிருந்து தேவி கூப்பிட்டாள். சூசைநாதனின் மனைவி, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று வராதவள். போனை அமிர்தம் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, வடகம் இருந்தா கொஞ்சம் குடுத்தனுப்புங்க."

"இன்னாத்துக்குமா? அங்கியே கெடைக்குமாமே."

"கெடைக்குது அண்ணி. இவரு வாங்க வுட்டாதானே? கடையில நின்னுகிட்டு ஒவ்வொரு பாக்கெட்டா மோந்து பாத்து, 'இதெல்லாம் ஒரு வடகமா, எங்க அக்கா போடற வடகத்த பாத்திருக்கியா'ன்னு சண்ட. கீரைக்கு ஒரு சண்ட, கருவாட்டுக்கு ஒரு சண்ட. இந்த மாசந்தான் கடைக்காரரு நிம்மதியா இருக்காரு."

சூசைநாதன் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தான். அதில் அப்படி ஒன்றும் இல்லை.

அமிர்தம் உள்ளே போய் வடக டப்பாவை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொடுக்கவில்லை.

"பாரம் எதுக்குடா தம்பி. அங்கியே கெடைக்கும்."

"கெடைக்காதுக்கா."

"இன்னா? காதுல வுழல."

"கெடைக்காதுக்கா."

"மாமாவுக்குக் கேக்கலியாம்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து பாக்யராஜ், "ஆமா, கேக்கல," என்றார்.

"கெடைக்காதுக்கா" என்று சூசைநாதன் போட்ட சத்தத்தில், எதிர்வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று கையைக் கழுவாமல் ஓடிவந்தார்கள்.

டப்பா பெட்டிக்குள் போனது. பெட்டி மூடவில்லை. பாக்யராஜ் மேலே ஏறி உட்கார்ந்தும் மூடவில்லை. சூசைநாதன் யோசித்துவிட்டு, வெள்ளைச் செருப்பை வெளியே எடுத்துப் போட்டான்.

"செருப்புடா?" என்றாள் அமிர்தம்.

"அங்கியே கெடைக்கும்க்கா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பாரீஸ் வரைக்கும் போனால்தான் இந்த இனத்தில் சேர்ப்பார்கள் என்றில்லை. மடுகரையிலிருந்து வில்லியனூருக்குக் குடிவந்தாலே போதும். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய் பாட்டிலை, "எங்க தெருவுலியே கெடைக்கும்மா" என்று எங்கே வைத்துவிட்டு வந்தீர்கள்? மீதியை உங்கள் தெருக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்கிறேன்.