மாகோறன் மீன் வாங்கப் போனார்

வீட்டில் தலைவனாக இருக்க ஏலாதவன் என்ன செய்வான்? நான் ஒரு உலகத்தைப் படைத்து, அதற்குத் தலைமைத் தெய்வமானேன்.

பகலில் நான் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளாக்கர். பின்னேரங்களில் படக்கதை வரைந்து முகநூலில் போடுகிறவன். வாளும் மந்திரமும் கலந்த கதை. வீரர்கள் வெட்டிக்கொள்வார்கள். சூனியக்காரர்கள் சபித்துக்கொள்வார்கள். கடலுக்கடியிலிருந்து பல்லுள்ள பூதங்கள் வரும். இவர்கள் எல்லாருக்கும் மேலே, மலையுச்சியில், கல்லாசனத்தில் மாகோறன் இருப்பார். கடல் பிறப்பதற்கு முன்பே பிறந்த ஆதித் தெய்வம். எருமைக்கொம்பு வைத்த கிரீடம், முழங்கால்வரை தாடி. அவர் எழும்புவதில்லை. எல்லாம் அவரிடம் வரும். அவர் வாய் திறந்தால் இடியும் தன் கதையை நிறுத்திவிடும்.

தாடிக்கு மேலே இருக்கிற மூக்கு மட்டும் என்னுடையது.

மாகோறனுக்கு ஒரு மனைவி வேண்டும் என்று வாசகர்கள் கேட்டார்கள். வினை அங்கேதான் தொடங்கியது. சினத்தின் தேவதை என்று ஒருத்தியை வரைந்தேன். கை தன்பாட்டில் போனது. முடிந்ததும் பார்த்தால் என் மனைவி சிவானுஜா. தேவதைக்கு மூக்குக்கண்ணாடி எதற்கு என்று கண்ணாடியை அழித்துப் பார்த்தேன். முகம் வரவில்லை. திரும்பப் போட்டேன்.

சிவானுஜா கணக்கு டீச்சர். வீட்டில் எதையும் உரத்துச் சொல்வதில்லை. நான் பிழை விட்டால் ஒரு விரலை உயர்த்துவாள், அவ்வளவுதான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் திருத்திக்கொண்டே இருக்கிறேன். என் படக்கதைகளை அவள் பார்ப்பதில்லை. அந்தத் துணிவில்தான் அப்படியொரு படத்தை வரைந்தேன். மேலே மாகோறன் சாய்ந்திருக்கிறார். கீழே கண்ணாடி போட்ட தேவதை முழந்தாளிட்டு, தலை குனிந்து, சோற்றுத் தட்டை நீட்டுகிறாள். அடியில் கொட்டை எழுத்து: ‘மாகோறன் பேசும்போது மற்றவர் பேசார்.’

மீன் சந்தைக்குப் போகிற வழியில் ஜவ்பர் நானாவின் அச்சுக்கடை இருக்கிறது.

“மெஷின் புதுசு தம்பி. நிறம் எப்பிடி வருதெண்டு பாக்கோணும். ஒங்கட படம் ஒண்டு தாங்க” என்று கேட்டார்.

வரைகிறவனிடம் படம் கேட்பது கோழியிடம் முட்டை கேட்பது போல. கொடுத்தேன், கொக்கரிக்காத குறையாக. சின்னத் தாள் ஒன்றில் அடிப்பார் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் கந்தோருக்குப் போகும்போது கண்டேன். கடை முகப்பை மூடி ஒரு பனர். சிவானுஜாவின் கண்ணாடி மட்டும் சைக்கிள் சில்லளவு.

பள்ளிக்கூட விடுமுறைக் காலம். சனிக்கிழமை அவள் சந்தைக்குப் போவாள். நேரே அந்த வழியால்.

“நானா, இதைக் கழட்டுங்கோ.”

“ஏன் தம்பி?”

ஏனென்று எப்படிச் சொல்வது. “நிறம் சரியில்ல.”

“சனம் நிண்டு பாத்துட்டுப் போகுது. ஓடரும் வருது. கழட்ட ஏலாது.” அவர் அண்ணாந்து பார்த்தார். “அந்தப் பொம்பிளைய எங்கயோ கண்ட மாதிரி இரிக்கி.”

“நீங்கள் கண்டிருக்க மாட்டீங்கள்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன்.

“சனிக்கிழமை சந்தைக்கு நான் போறன்.”

“நீங்களோ?” என்றாள் சிவானுஜா.

“ஓம்.”

“மீன் புதுசோ பழசோ எண்டு எப்பிடிப் பாப்பீங்கள்?”

“செவுளைப் பாத்துத்தான்.”

“செவுள் எங்க இருக்கு?”

யோசித்தேன். “மீனில.”

விரல் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “சரி, போங்கோ” என்றாள்.

போனேன். தெய்வத்தின் கையில் வாள். என் கையில் வாள்போல நீண்ட சாவாளை மீன். பனருக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்தால், “வெட்டுவிச்சுக்கொண்டு வரேல்லையோ?” என்று கேட்டாள். நானே வெட்டினேன். எத்தனையோ வாள்சண்டை வரைந்தவன் நான். செத்த சாவாளை ஒன்று என் விரலை வெட்டியது.

விரலுக்குத் துணி சுற்றி முடியவில்லை, அடுத்தது வந்தது.

“தையல்காரியிட்டப் போகோணும். சட்டை தைக்கக் குடுத்தனான்.”

தையல்காரியின் வீடு ஜவ்பர் நானாவின் கடைக்கு நேர் எதிரே. “நான் எடுத்தாறன்” என்றேன்.

“அளவு பாக்கோணுமே.”

“உம்மட அளவு எனக்குத் தெரியாதோ?”

“அப்ப சொல்லுங்கோ.”

கையால் காட்டினேன்.

“கையை இறக்குங்கோ” என்றாள்.

பிறகு தம்பலகாமத்தில் இருக்கும் அவளுடைய அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். பஸ் நிலையத்துக்கும் அதே வழிதான். “வெக்கைக்குள்ள நீர் ஏன் அலையிறீர்? மாமியை நான் கூட்டியாறன்” என்று என் வாய் சொன்னது. மாமி ஒரு பூசணிக்காயோடு வந்தார். பூசணிக்காய் முடிந்தது. மாமி போகவில்லை.

அவள் வெளியே போகாமல் இருக்க வேண்டுமானால் வீட்டில் இளைப்பாற வேண்டும். அவள் இளைப்பாற வேண்டுமானால் குசினியில் வேறு யாராவது நிற்க வேண்டும். அந்த வேறு யாரோ நான். உடுப்புத் தோய்த்தேன். தேங்காய் திருவினேன். அவளுடைய போன் அடித்தால் கறிச்சட்டியைவிட என் நெஞ்சு கொதித்தது. யாராவது பனரைப் படம் எடுத்து அனுப்பியிருப்பார்களோ? “இஞ்சாருங்கோ” என்று அவள் கூப்பிட்டால், “ஒண்டுமில்ல” என்று பதில் சொல்லிவிட்டுத்தான் என்னவென்று கேட்டேன்.

மாகோறன் அடுத்து யாரோடு போர் செய்வார் என்று வாசகர்கள் கேட்டார்கள். வரைய நேரமில்லை. அவர் பாட்டுக்கு மலையுச்சியில் இருந்தார். அவருக்கென்ன.

விடுமுறை முடியப்போகும் கிழமை கச்சான் காற்று எழும்பியது. வெள்ளிக்கிழமை கந்தோர் விட்டு வரும்போது பார்க்கிறேன், பனர் கிழிந்து தொங்குகிறது. மாகோறனுக்குக் கால் மட்டும் மிச்சம். தேவதையைக் காணவே இல்லை. வீடுவரை விசிலடித்துக்கொண்டு வந்தேன். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன்.

“அனு, நாளைக்குச் சந்தைக்கு நீர் போம். எனக்கு வேலை கூட.”

அவள் கதிரையில் சாய்ந்திருந்தாள். “ஏன், பனர் கிழிஞ்சுபோச்சோ?”

“எந்தப் பனர்?”

“நான் முழந்தாளில நிக்கிற பனர்.”

மாமி தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“நீர்… எப்ப பாத்தனீர்?”

“நீங்கள் முதல்முதல் சந்தைக்குப் போன அண்டைக்கே. செவுள் தெரியாத மனிசன் ஏன் மீன் வாங்கப் போறார் எண்டு பின்னாலயே வந்தனான்.”

“கோவம் வரேல்லையோ?”

“வந்தது. வீட்டில சோத்துத் தட்டு நீட்டினது காணாதெண்டு நடுறோட்டிலயும் நீட்டோணுமோ எண்டு நெஞ்சு எரிஞ்சுது.” அவள் குரல் உயரவில்லை. நான் நிலத்தைப் பார்த்தேன். “கழட்டச் சொல்லத்தான் கடைக்குள்ள போனனான். ஜவ்பர் நானா பாவம், என்னைக் கண்டதும் ஓடிப்போய் ஏணி எடுத்தார். பிறகுதான் யோசிச்சனான். கழட்டினா நீங்கள் திரும்பவும் கதிரையில இருந்திடுவீங்கள். அதால, லீவு முடியுமட்டும் கிடக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.”

“இப்ப அது கிழிஞ்சுதானே போச்சு.”

“புதுசு அடிச்சாச்சு. தகரத்தில. கச்சானுக்குக் கிழியாது.” தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். “கல்லாசனத்தில நான் இருக்கிறன். தட்டு உங்கட கையில. தாடியை எடுத்துவிடச் சொன்னனான், ஆள் ஆரெண்டு தெரியோணுமே. நல்லா வந்திருக்கு. இப்போதைக்குக் கடைக்குள்ளதான் கிடக்கு. வெளியில மாட்டிறதோ வேண்டாமோ எண்டு நான் இன்னும் சொல்லேல்ல.”

நான் மாமியின் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினேன்.

“திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குது” என்றாள் சிவானுஜா. “காலமைச் சாப்பாடு நேரத்துக்கு வேணும்.”

“புட்டோ, இடியப்பமோ?” என்று மட்டும் கேட்டேன்.