ஒரு கூட்டில் இரண்டு ஓணான்

இரண்டாவது ஓணான் வீட்டுக்குள் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, முதலாவது ஓணானுக்குத் தாடி கறுத்துவிட்டது.

சண்முகலிங்கம் குனிந்து கண்ணாடிக் கூட்டுக்குள் பார்த்தார். ஐந்து மாதமாக அவரோடு குடியிருக்கிற ஓணான். பெயர் அரசன். ஊரில் வேலியில் நின்று தலையாட்டுகிற ஓணானுக்கு இது ஒஸ்திரேலியாச் சொந்தக்காரன். உருவம் பெரிது, கழுத்தைச் சுற்றி முள்ளுத் தாடி. இத்தனை நாளும் விளக்குச் சூட்டில் கல்லின்மேல் கண்மூடிக் கிடந்து, பென்சன் எடுத்த மனுசர் மாதிரி மரியாதையாக இருந்தது. இப்போது தொண்டையை ஊதிக்கொண்டு கரிச்சட்டி நிறத்தில் நிற்கிறது.

"ஏன் அண்ணை இதுக்குத் தாடி கறுக்குது?" என்று கேட்டார் புதிய ஓணானைக் கொண்டுவந்த புளோறன்ஸ்.

"பொம்பிளை வந்திருக்கெண்டு டை அடிச்சிருக்கு போலை."

சொன்ன பிறகுதான் சண்முகலிங்கத்துக்குத் தன் தலை ஞாபகம் வந்தது. அன்று காலைதான் அவரும் அடித்திருந்தார். வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் ஒழுங்காக இருக்க வேண்டாமா?

புளோறன்ஸ் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். வெளியே தை மாதக் குளிர். சாப்பாடு கொண்டுபோகிற சூட்டுப்பை ஒன்றில், சுடுதண்ணிப் போத்தலுக்குப் பக்கத்தில், துவாயால் சுற்றிய லூசியா. அதுதான் இரண்டாவது ஓணான். இன்னொரு சூட்டுப்பையில் நண்டுக்கறி. எந்தப் பையில் எது என்று கேட்காமல் சண்முகலிங்கம் ஒன்றைத் திறந்ததில், இருவருக்கும் கொஞ்சம் படபடப்பாகப் போய்விட்டது.

புளோறன்ஸின் மகன் றொபின் முதலில் ஆசைப்பட்டது தேகு என்கிற சாதிக்கு. அது உடும்பளவு வளரும். நோர்வேச் சட்டம் விடவில்லை. விட்டிருந்தால் அந்த மனுசி பஸ்ஸில் ஓர் உடும்பை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கும்.

லூசியா அரசனைப் பார்த்தது. பிறகு முன்னங்கை ஒன்றைத் தூக்கி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது.

"பாருங்கோ, கை காட்டுது" என்றார் புளோறன்ஸ். "நல்ல மரியாதை தெரிஞ்ச பிள்ளை."

இவ்வளவுக்கும் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு.

சண்முகலிங்கத்தின் ஒரே மகள் வினோஜா, நோர்வேயின் வடகோடியில் ஹம்மர்பெஸ்ட்டில் எரிவாயு ஆலையில் பொறியியலாளர். அதே ஆலையில்தான் றொபினும். செப்டம்பரில் இருவரும் வடக்கே போனார்கள். அங்கே கிடைத்த வாடகை அறைகளில் மிருகம் வளர்க்க விடமாட்டார்களாம். வினோஜாவின் அரசன் குரோருட்டில் அப்பாவிடம் வந்தது, றொபினின் லூசியா லோறென்ஸ்கூக்கில், புருசன் இல்லாமல் தனியே இருக்கிற அவன் அம்மாவிடம் நின்றது. தை பிறந்ததும் வினோஜா எடுத்தாள்.

"அப்பா, கோடைக்கு ரெண்டு ஓணானையும் இஞ்சை கொண்டு வரப்போறம். ஆனா ஒரு கூடு வைக்கத்தான் இடம் கிடக்கு. அதுக்கு முதல் ரெண்டையும் பழக்கி எடுக்கோணும். றொபின்ரை அம்மா ஞாயிறிலை கொண்டு வருவா."

"ஒவ்வொரு ஞாயிறுமோ?"

"ஓம். தனிய விட்டிட்டு எழும்பிப் போகக்கூடாது. நீங்கள் ரெண்டு பேரும் பக்கத்திலை இருந்து பாக்கோணும். குறைஞ்சது ரெண்டு மணித்தியாலம்."

போனை வைத்துவிட்டுச் சண்முகலிங்கம் கதிரையில் இருந்தார். முப்பது வருடமாகப் பாடசாலை ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிற மனுசர். எந்தக் குழாய் எங்கே கசியும் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார். ஒரு கூடு என்றால் ஒரு வீடு. ஒரு வீடு என்றால் என்ன என்று விளங்காமல் போக அவர் என்ன சின்னப் பிள்ளையா?

றொபின் வேதக்காரப் பெடியன், சேர்ச்சுக்குப் போகிற குடும்பம். முதலில் அது அவருக்கு ஒத்துவரவில்லை. பார்த்த சாதகம் எத்தனை, வினோஜா தட்டிக் கழித்த மாப்பிள்ளைகள் எத்தனை. அவளுக்கு முப்பத்தொன்று. ஆனால் மனைவி இறந்துபோய் நாலு வருடமாகத் தனியே சாப்பிடுகிற சாப்பாடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். உறைந்த பீட்சாவைச் சூட்டடுப்பில் வைத்து, அது வேகுமட்டும் அந்த அடுப்போடு கதைத்திருக்கிறார். பிள்ளைக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்பதுதான் அவருடைய ஒரே பயம். அந்தப் பயத்துக்கு முன்னால் வேதம் சின்னதாகிவிட்டது.

ஆக, ஓணான்கள் சேர வேண்டும். சேராவிட்டால் பிள்ளைகளின் கலியாணம் குழம்பிவிடும்.

இரண்டாவது ஞாயிறு, கூடு சின்னதாக இருப்பதுதான் பிரச்சினை என்று கண்டுபிடித்தார். அடுத்த ஒரு கிழமை வாளும் கையுமாக நின்று, விருந்தினர் அறையில் பாதியை அடைக்கிற மாதிரி ஒரு கூடு செய்தார். நடுவில் தூக்கி எடுக்கக்கூடிய கண்ணாடி. இந்தப் பக்கம் அரசன், அந்தப் பக்கம் லூசியா. ஆளுக்கொரு சூட்டு விளக்கு, ஆளுக்கொரு வெயில் விளக்கு. மூன்றாவது ஞாயிறு எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டதும் பியூஸ் விழுந்து வீடு முழுக்க இருண்டது.

திரும்பப் போட்டார். திரும்ப விழுந்தது. ஓணானுக்கு வெளிச்சமா, மனுசருக்கு வெளிச்சமா என்று வந்தபோது அவர் ஓணான் பக்கம் நின்றார்.

புளோறன்ஸின் கைப்பையில் சேர்ச் மெழுகுதிரி இருந்தது. அந்த வெளிச்சத்தில் இருவரும் இறால் பொரியலும் புட்டும் சாப்பிட்டார்கள். ஓணான்களுக்காகத்தான்.

"அண்ணை எண்டு உங்களைக் கூப்பிடக்கூடாதாம்" என்றார் புளோறன்ஸ் இடையில். "நேற்று றொபின் போனிலை ஒரே பிடிவாதம். பேரைச் சொல்லிக் கூப்பிடட்டாம்."

"ஏனாம்?"

"சொல்லுறானில்லை. வெள்ளையளோடை வேலை செய்து பழகிப்போட்டான்."

சண்முகலிங்கத்துக்கு அது பிடிபடவில்லை. தமையன் மகளும் தங்கச்சி மகனும் கட்டுகிறது வழமைதானே. அண்ணை என்றால் இன்னும் தோதாக அல்லவா இருக்கும்? இருந்தாலும் வருங்கால மருமகனின் சொல்லைத் தட்டக்கூடாது என்று ஒத்துக்கொண்டார். புளோறன்ஸ் முழுப் பெயரையும் சொல்லிப் பார்த்து, நீளம் கூடிப்போய், கடைசியில் "லிங்கம்" என்பதில் வந்து நின்றார். அவரை அப்படி யாரும் கூப்பிட்டு நாலு வருடம்.

அரசன் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பார்த்துத் தாடியைக் கறுப்பித்துக்கொண்டே இருந்தது. புளோறன்ஸ் கூட்டின்மேல் மாதா தீர்த்தம் தெளித்தார். சண்முகலிங்கம் கண்ணாடியில் ஒரு குறி திருநீறு பூசினார். அரசன் இரண்டையும் சட்டை செய்யவில்லை.

"பசியாக இருக்கும்" என்று முடிவு செய்த சண்முகலிங்கம், நாலாவது ஞாயிறு ஓணானுக்குத் தீனியாக விற்கிற சில்லூறுப் பூச்சி இருநூறை உயிரோடு வாங்கி வந்தார். ஒன்றாகச் சாப்பிட்டால் ஒற்றுமை வரும் என்பது அவர் கணக்கு. பெட்டியைத் திறந்தபோது கை வழுக்கியது. ஓணான்களுக்கு ஆளுக்கு மூன்று கிடைத்திருக்கும். மிச்சமெல்லாம் சோபாவுக்குக் கீழே போய்க் குடியேறின.

மாசி மாதம். வெளியே முழங்கால் அளவு பனி. குரோருட்டில் அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் மட்டும் வன்னிக்காடு மாதிரி சில்லூறு கத்தியது. மேல்மாடி இங்கர் என்கிற நோர்வேஜிய அம்மா தன் காதில்தான் கோளாறு என்று முதலில் வைத்தியரிடம் போனார். காது நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் கட்டிட நிர்வாகசபைக்கு எழுதினார். நிர்வாகசபை சண்முகலிங்கத்துக்கு எழுதியது.

கடிதத்தைக் கேள்விப்பட்டு, புளோறன்ஸ் ஞாயிறுவரை பார்த்திருக்கவில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடிந்த கையோடு, புதன்கிழமையே வந்தார். இருவரும் ஆளுக்கொரு தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு, முழங்காலில் இருந்து சில்லூறு பிடித்தார்கள். முக்கியமான கதை சோபாவுக்குக் கீழேதான் தொடங்கியது.

"லிங்கம், ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டியளே?"

"கேளுங்கோ. அங்கை, உங்கடை கைக்குப் பக்கத்திலை ஒண்டு."

புளோறன்ஸ் கோப்பையைக் கவிழ்த்தார். "உந்த ஒரு கூட்டுக் கதை... அதிலை வேறை ஒண்டும் கிடக்கெண்டு உங்களுக்கு விளங்கினதோ?"

"முதல் நாளே விளங்கினது."

"எனக்குப் பஸ்ஸிலை வரேக்கை விளங்கினது." புளோறன்ஸ் கவிழ்த்த கோப்பையை விரலால் அழுத்திப் பிடித்தார். "நீங்கள் சைவம். நாங்கள் வேதம். ஆக்கள் கதைப்பினம்."

"கதைச்சுப்போட்டுத் தங்கடை வீட்டை போவினம். தட்டுக்கு முன்னாலை தனிய இருந்து சாப்பிடப்போறது அவையளோ? வாழப்போற ரெண்டு பேருக்கும் பிடிச்சாச் சரி. இதிலை மற்றவைக்கு என்ன வேலை?"

இவ்வளவு தெளிவாகத் தன்னால் கதைக்க முடியும் என்பது அவருக்கே புதினமாக இருந்தது.

"அப்ப எங்கை செய்யிறது? கோயிலிலையோ, சேர்ச்சிலையோ?"

"காலமை கோயில், பின்னேரம் சேர்ச். கோடையிலை இருட்டாதுதானே, நேரம் தாராளமாக் கிடக்கு."

புளோறன்ஸ் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். "எனக்கு மனசிலை இருந்த பாரம் இறங்கின மாதிரி இருக்கு, லிங்கம்." சோபாவின் அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டது. சண்முகலிங்கம் சில்லூறு என்று நினைத்து அதைக் கோப்பையால் மூடப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அவருக்குத் துணிவு பிறந்துவிட்டது. பெரியவர்களே சம்மதித்தாயிற்று, இனி என்ன நடுவில் கண்ணாடி?

"கவனம்" என்றார் புளோறன்ஸ்.

"இவ்வளவு நாள் பழகிப்போட்டுதுகள். இப்ப பாருங்கோ."

தூக்கினார். லூசியா வழக்கம்போலக் கையைத் தூக்கிக் காட்டியது. அரசன் கறுத்த தாடியோடு தலையை மேலும் கீழும் ஆட்டியது. "ஓம் எண்டு தலையாட்டுது" என்று சண்முகலிங்கம் சொல்லி முடிப்பதற்குள், அது பாய்ந்து லூசியாவின் வாலைக் கவ்வியது.

பதினைந்து நிமிடத்தில் அவசர மிருக வைத்தியசாலையில் இருந்தார்கள். ஒரு சூட்டுப்பையில் லூசியா, மற்றதில் அரசன். கடமையில் இருந்த வைத்தியர் கம்சிகா என்கிற தமிழ்ப் பிள்ளை. மகள் டொக்டர் என்று சொல்லும்போது என்ன டொக்டர் என்று அவளுடைய தாய் தகப்பன் ஒருநாளும் விவரம் சொல்லுவதில்லை. அவள் இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

புளோறன்ஸ் கைப்பைக்குள் செபமாலையைத் தேடினார். "வாலைக் கடிச்சதெண்டு கேட்டா றொபின் என்ன சொல்லுவானோ. இது சகுனப்பிழை எண்டு எல்லாத்தையும் விட்டிட்டா?"

"விடமாட்டினம். முதல்லை நல்ல செய்தியைச் சொல்லுவம். வாலைப் பிறகு சொல்லுவம்."

ஹம்மர்பெஸ்ட்டுக்கு அழைத்தார். தொலைபேசியை இருவருக்கும் நடுவில் பிடித்தார்.

"வினோஜா, நானும் றொபின்ரை அம்மாவும் வடிவாக் கதைச்சு முடிச்சிட்டம். எங்களுக்கு முழுச் சம்மதம்."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம்.

"அப்பா... உண்மையாவோ?"

"உண்மையாத்தான். சமயம் ஒரு பிரச்சினையில்லை. கோடையிலை வைப்பம்."

"இவ்வளவு கெதியாச் சொல்லுவியள் எண்டு நாங்கள் நினைக்கேல்லை." வினோஜா அழுகிறாள் என்று விளங்கியது. "அம்மா இருக்கிற இடத்திலை இருந்து சந்தோசப்படுவா, அப்பா. இஞ்சை றொபின் நிண்டு துள்ளுறான். அன்ரிக்கும் சொல்லுங்கோ, எனக்குப் பெரிய சந்தோசம் எண்டு."

"சொல்லுறன்" என்றார் சண்முகலிங்கம். இனிப் பிள்ளை தனியாகச் சாப்பிடமாட்டாள். வால் விசயத்தைச் சொல்ல மறந்து போனை வைத்தார். புளோறன்ஸின் கை அவருடைய கையில் இருந்தது. எப்போது வந்தது என்று இருவருக்கும் தெரியாது.

கதவு திறந்தது. கம்சிகா சிரித்துக்கொண்டு வந்தாள்.

"பயப்பிட ஒண்டுமில்லை, அங்கிள். வால் நுனியிலை சின்னக் காயம், மாறிடும். ஆனா இனி ஒருநாளும் ரெண்டையும் ஒண்டா விடாதேங்கோ. தாடி கறுக்கிறது சண்டைக்கு. கை காட்டுறது என்னை விட்டிடு எண்டு கெஞ்சுறது. ரெண்டும் ஆண்."

"லூசியாவுமோ?" என்றார் புளோறன்ஸ்.

"லூசியாவும்தான். பேரிலை என்ன இருக்கு. ரெண்டு ஆணை ஒரு கூட்டிலை சேர்க்கவே ஏலாது."

சண்முகலிங்கம் பதறிப்போனார். "ஐயோ, பிள்ளையளுக்கு இது தெரியாது. அதுகள் இதை நம்பியெல்லோ இருக்குதுகள்."

கம்சிகா அவர்களுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு, கோத்திருந்த கைகளைப் பார்த்தாள்.

"தெரியும், அங்கிள், வடக்கை போக முதலே ரெண்டு பேரும் இஞ்சை கொண்டு வந்து காட்டினவை, நான் அப்பவே சொன்னனான், அதுக்கு வினோஜா அக்கா சொன்னவா, 'ஓணான் சேராட்டில் பரவாயில்லை, பக்கத்திலை இருந்து அதுகளைப் பாக்கப்போற ரெண்டு பேரும் சேர்ந்தாப் போதும்' எண்டு."