அரைஞாணில் கட்டிய கார்டு

"சார், மறுபடியும் எடுக்க மாட்டேங்குது" என்றாள் பில் போடும் பெண் பானுப்ரியா.

இது மூன்றாவது முறை. வேலூரில் அந்தக் கம்ப்யூட்டர் கடையின் கவுன்ட்டர் மேல் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்ற வேணுகோபாலுக்கு வியர்த்து ஊற்றியது. அவர் ஆசைப்பட்டுச் சாயவில்லை. கிரெடிட் கார்டு அவருடைய அரைஞாண் கயிற்றில், நல்ல முறுக்குப் பட்டு நூலால் கட்டப்பட்டிருந்தது. நூல் ஒரு முழம்தான். கார்டு இயந்திரம் வரைக்கும் போக வேண்டுமென்றால் ஆளும் கூடவே போயாக வேண்டும்.

"கழட்டிக் குடுங்க சார். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"இது கழட்டற முடிச்சு இல்லம்மா. ஆரணியிலேர்ந்து பஸ்ல வரேன். பிக்பாக்கெட்காரன் என்னையும் சேத்துத் தூக்கினு போனாத்தான் உண்டு."

பானுப்ரியா கத்தரிக்கோலை எடுத்தாள். அதைப் பார்த்ததும் வேணுகோபாலின் முகம் சுருங்கியது. சில நாளாகவே அவருக்குக் கத்தரிக்கோல் என்றால் ஆகவில்லை. நூலை நறுக்கிக் கார்டைத் திருப்பிப் பார்த்தவள் திகைத்துப்போனாள்.

"இன்னா சார் இது, ரெண்டு ஓட்டை?"

"நான்தான் அடிச்சேன்" என்றார் வேணுகோபால், பெருமை குறையாமல்.

ஆரணியில் அட்டை அடிப்பதில் வேணுகோபாலை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டுத்தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு, அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுப்பது அவர் தொழில். ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் படுக்கும். ஓர் ஓட்டை இடம் மாறினாலும் முந்தானை மயிலுக்கு மூக்கு முதுகில் முளைத்துவிடும். அப்படி அடித்த நூற்றுக்கணக்கான அட்டைகளை வரிசை மாறாமல் நூலில் கோத்தாக வேண்டும். கோக்காமல் விட்ட அட்டைகளைத் தேடித் தேடியே அவருக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. ஆகவே கிரெடிட் கார்டு கூரியரில் வந்த அன்றே அதையும் அட்டை அடிக்கும் இயந்திரத்தில் வைத்து, பேர் மேல் படாமல், நம்பர் மேல் படாமல், மூலையில் அழகாக இரண்டு ஓட்டை அடித்துவிட்டார். பின்பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை.

"இந்தக் கருப்புப் பட்டையிலதான் சார் உங்க விவரம் எல்லாம் கீது. அதுலயே ஓட்டை போட்டா மெஷின் எப்பிடிப் படிக்கும்?"

ஓட்டையை வைத்துத்தான் மெஷின் படிக்கும் என்று இருபத்தைந்து வருடமாக நம்பி வந்த வேணுகோபால் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் இல்லாமலே ஆரணி பஸ் ஏறினார்.

இந்தக் கார்டு விஷயமாக வீட்டில் ஒரு மாதமாகப் பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. எதிரணியில் பேசியது அவர் மனைவி ரேணுகாம்பாள். பெரணமல்லூர் அரசு நடுநிலைப்பள்ளியில் டீச்சர். அவள் சம்பளத்தில்தான் வீடு நிமிர்ந்து நின்றது. பட்டு முதலாளிகள் தரும் கூலி வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை.

அவர்கள் மகள் காவ்யா கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருந்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அப்பாவிடம் ஓர் அட்டை வாங்கி, அதில் கீபோர்டு போலக் கட்டம் கட்டமாக வரைந்து, இரவில் அதன்மேல் விரலைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். அதை ஒருநாள் பார்த்துவிட்டார் வேணுகோபால். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"தை மாசம் சீட்டு முடியுது. ரொக்கமா வாங்கிக்கலாங்க" என்றாள் ரேணுகாம்பாள்.

"தைக்குள்ள பொண்ணுக்குப் பரீட்சையே முடிஞ்சிடும் ரேணு. கார்டுல வாங்கினா காசில்லாதப்பவே பொருளு வீட்டுக்கு வந்துடும்."

"அதாங்க ஆபத்தே. காசில்லன்னா கையி சும்மா இருக்கும். கார்டு இருந்தா இருக்காது."

"நாப்பத்தஞ்சு நாளு வரைக்கும்கூட ஒரு பைசா வட்டி இல்லன்றான்!"

"கெடு தாண்டினா? மாசத்துக்கு ரெண்டே முக்கா வட்டி. அபராதம் தனி. கொஞ்சமா கட்டினா போதும்னு ஆசை காட்டுவான். கட்டிகினே இருப்பீங்க, அசலு அப்பிடியே குந்திகினு இருக்கும்."

"பாயிண்ட் குடுக்கறான். சேத்து வெச்சா சூட்கேஸ் தருவான்."

"சூட்கேஸ எடுத்துகினு எங்க போறது? வட்டி கட்ட முடியாம ஊர உட்டா?"

கடைசியில் ஒரு தீர்ப்பு ஆயிற்று. ஒரே ஒரு பொருள். கெடு தேதிக்கு முன்னால் முழுத் தொகையும் கட்ட வேண்டும். ஒரு பைசா வட்டி விழுந்தாலும் கார்டு துண்டு துண்டாகும். அதற்கென்றே காலண்டர் ஆணியில் ஒரு கத்தரிக்கோலை மாட்டிவைத்தாள் ரேணுகாம்பாள்.

வேணுகோபால் விடுவதாக இல்லை. கார்டு அவருக்கு வெறும் பிளாஸ்டிக் அல்ல. வேலூர் வங்கியில் கார்டு பிரிவில் இருக்கும் இளஞ்செழியன், ரேணுகாம்பாளிடம் எட்டாம் வகுப்பு படித்தவன், டை கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தான். சம்பள ரசீது கேட்டான். வருமான வரிக் காகிதம் கேட்டான். "நமக்குக் காசு கையில வரும் தம்பி, காகிதத்துல வராது" என்றார் இவர். "பாக்கலாம் சார்" என்று பென்சிலால் சிலுவைக்குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கிப் போனான். பத்தே நாளில் கார்டு வந்துவிட்டது. எந்தக் காகிதமும் இல்லாமல் ஒரு வங்கி தன்னை நம்பியதை நினைத்து வேணுகோபால் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார்.

அப்பேர்ப்பட்ட கார்டைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. மறுநாள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு வைத்தியம் பார்த்தார். கருப்புப் பட்டை என்ன பெரிய பட்டை, பாட்டு கேசட்டில் ஓடும் நாடாதானே! பழைய கேசட்டிலிருந்து நாடாவை நறுக்கி, இரண்டு ஓட்டையின் மேலும் கோந்து வைத்து ஒட்டினார். தடவிப் பார்த்தால் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

வேலூரில் பானுப்ரியா ஒரே இழுப்பு இழுத்தாள். கார்டு வெளியே வந்தது. நாடா வரவில்லை.

அடுத்து நின்றவரின் கார்டையும் இயந்திரம் எடுக்கவில்லை. அதற்கடுத்தவருடையதையும் எடுக்கவில்லை. ஆயுதபூஜை வியாபார நேரம். கடைக்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"இன்னாய்யா பண்ண? பூஜைக் கூட்டத்துல மெஷின பேஜார் பண்ணிட்டியே!"

"இருங்க, ஜல்தியா எடுத்துடறேன். மெஷினு நமக்கு இன்னா புதுசா?" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்த அட்டை கோக்கும் ஊசியை எடுத்து உள்ளே விட்டார் வேணுகோபால். நாடா இன்னும் உள்ளே போனது. ஊசியும் கூடவே போனது.

கடைக்காரர் போனை எடுத்து, கார்டின் பின்னால் இருந்த வங்கி நம்பரைச் சுழற்றி, இவர் காதில் வைத்தார். "இது நல்ல கார்டுதானான்னு நீயே கேளு!"

ஒரு பெண்குரல் கேட்டது. "பாதுகாப்புக்காக ஒரு கேள்வி சார். அம்மா பேரு?"

"அபிதகுசாம்பாள்."

"சாரி சார், எங்க ரெக்கார்டோட ஒத்துப்போகலை."

"திருவண்ணாமலை அம்மன் பேரும்மா! அ-பி-த-கு-சாம்பாள்."

"இன்னொரு தடவை நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"இதுல யோசிக்கறதுக்கு இன்னாம்மா கீது? என்னப் பெத்தவ பேரு எனக்குத் தெரியாதா? அபிதகுசாம்பாள்!"

"மூணு தடவை தப்பா சொல்லிட்டீங்க சார். கார்டை நிறுத்தி வெக்கிறோம். நன்றி."

இயந்திரத்துக்கு முந்நூறு ரூபாய் தண்டம் அழுதுவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் காவ்யாவின் அட்டைக் கீபோர்டு கண்ணுக்குள் வந்து நின்றது. பெற்ற தாயின் பேரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவன் மகளுக்கு எதை வாங்கிக் கொடுக்கப்போகிறான்? கண்ணீர் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று கேட்டதற்குக் "கார்டு" என்று மட்டும் சொன்னார்.

ஆரணியில் இறங்கியதும் பூத்திலிருந்து இளஞ்செழியனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினார்.

"அம்மா பேரா கேட்டாங்க?" என்று இரண்டு முறை கேட்டான் அவன். "அத நான் பாத்துக்கறேன் சார். நாலு நாள்ல புதுக் கார்டு வந்துடும். தயவுசெஞ்சி ஓட்டை மட்டும் போடாதீங்க."

சொன்னபடி நாலாம் நாள் கார்டு வந்தது. அன்று ராத்திரி சாம்பார் ஊற்றிக்கொண்டே ரேணுகாம்பாள் சொன்னாள்: "இந்தக் கார்டையாவது பர்ஸ்ல வெச்சுக்குங்க."

வேணுகோபாலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடுப்பில் தொங்கிய நூலை எப்போதாவது கவனித்திருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டார்.

ஆயுதபூஜைக்கு இரண்டு நாள் முன்பு மூன்றாம் முறையாக வேலூர் கடையில் நுழைந்தார். கடைக்காரர் முதல் வேலையாக அவருடைய சட்டைப் பையில் ஊசி இருக்கிறதா என்று பார்த்தார். பானுப்ரியா கார்டை வாங்கி, இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழுத்தாள். இயந்திரம் கிர்ரென்று காகிதத்தைத் துப்பியது.

"வந்துடிச்சி சார்!" என்று அவளே கத்திவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். முப்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வேணுகோபால் போட்ட கையெழுத்து கோட்டைத் தாண்டிக் கவுன்ட்டர் மேலும் கொஞ்சம் போனது.

ஆயுதபூஜை அன்று அட்டை அடிக்கும் இயந்திரத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் பக்கத்தில் பக்கத்தில் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தெருவே வந்து பார்த்தது. காவ்யா உட்கார்ந்து, இத்தனை நாள் அட்டையில் தட்டிய அதே வேகத்தில் தட்டினாள். திரையில் முதன்முதலாக வந்தது APPA என்ற நாலு எழுத்து. வேணுகோபால் அதைப் படித்தார், திரும்பவும் படித்தார், கற்பூரத் தட்டை எடுத்துக் கம்ப்யூட்டருக்கு இன்னொரு முறை காட்டினார்.

"நல்லாத்தான் கீது" என்றாள் ரேணுகாம்பாள். "கெடு அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி. ஞாபகம் கீதில்ல?"

அதற்குப் பிறகு அவள் அவரை ஒரு நாள்கூடச் சும்மா விடவில்லை. காப்பி கொடுக்கும்போது "இன்னும் இருபது நாளு" என்பாள். வெந்நீர் எடுத்து வைக்கும்போது "வாணாம்னு தலபாடா அடிச்சுகினேன்" என்பாள். அவள் வாய் திறக்கத் திறக்க இவருக்கு ரோஷம் ஏறியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டு வரைக்கும் போய், மூன்று வருடமாக வாயால் மட்டும் கூலி கொடுத்துவந்த முதலாளிகளின் வாசலில் உட்கார்ந்தார். டீ கொடுத்தால் குடிக்கவில்லை. காசு கொடுத்தால்தான் எழுந்தார். தீபாவளி முடிந்தபோது அவர் வாழ்நாளில் முதல் தடவையாகப் பாக்கியில்லாமல் கூலி வசூலாகியிருந்தது.

ஒரே குறை, பில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைத்து, இளஞ்செழியனிடமே தொகையைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பதினேழாம் தேதி காலை புறப்படும்போது ரேணுகாம்பாள் வாசல்வரை வந்தாள்.

"ரசீதோட வாங்க. கத்தரிக்கோல நானே ஆணியிலேர்ந்து எடுத்துடறேன்."

வேலூர் வங்கியில் பணத்தை எண்ணி வாங்கிய இளஞ்செழியன் தலையை நிமிர்த்தினான். "முழுசா கட்டிட்டீங்க சார். ஒரு நாள் முன்னாடியே."

"வட்டி?"

"இல்ல சார்."

"அபராதம்?"

"எதுவுமே இல்ல சார்."

"கொஞ்சம் சத்தமா சொல்லு தம்பி, நாலு பேரு கேக்கட்டும்."

அவன் எழுந்து நின்று சத்தமாகவே சொன்னான். வேணுகோபாலுக்கு அந்த நிமிஷம் வேலூர்க் கோட்டையையே தன் பேருக்கு எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது. ரேணுவின் முகம் போகும் போக்கை இங்கிருந்தே பார்த்தார். ரசீதை வாங்கி, சட்டைப் பையில் வைக்குமுன், ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தவர் நின்றுவிட்டார்.

"தம்பி, எல்லாம் சரி. பேரு மட்டும் தப்பா கீதே. ரேணுகாம்பாள்னு போட்டிருக்குது?"

இளஞ்செழியன் டையைத் தளர்த்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"பேரு சரிதான் சார். உங்க மனு அப்பவே தள்ளுபடி. கணக்கு டீச்சரோடது, பில்லு ஸ்கூலுக்குத்தான் போவுது, உங்களுது அதுல சேத்துக் குடுத்த ரெண்டாவது கார்டு, அதான் போன்ல அவங்க அம்மா பேரக் கேட்டிருக்காங்க. 'நான் வாணாம் வாணாம்னு சொல்லிகினே இருந்தாத்தான் உங்க சார் ரோஷத்துல ஒரு நாள் முன்னாடியே கட்டுவாரு, மூச்சு உடாதே'ன்னு டீச்சர்தான் சார் சொல்லி வெச்சாங்க!"