அதுங்க

"பழசுல பாதியை வெளியே தள்ளிடுங்க. தின்னுட்டுச் சும்மா கிடக்குதுங்க. புதுசு வளரணும்னா வேற வழியில்ல."

முதலாளி போனில் பேசியது, ரசீதுடன் வாசலில் நின்ற ஸ்டோர்கீப்பரின் காதில் விழுந்தது. கதவைத் தட்டப் போன கை அப்படியே நின்றது.

கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகளைக் கட்டும் கம்பெனி. ஒற்றை அறையில் தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்தவர்கள் நான்கே பேர். இப்போது மூன்று மாடி, அறுபது பேர். அந்த நால்வரில் ஒருவரான ஸ்டோர்கீப்பர் பத்து வருடமாகக் குழாய் எண்ணுகிறார். நாற்றத்துக்குப் பயந்து ஒரு தொட்டியையும் எட்டிப் பார்த்ததில்லை.

பழசு நான்கு. பாதி என்றால் இரண்டு. அதில் ஒன்று அவர்தானோ?

சாப்பாட்டு நேரத்தில் டைப்பிஸ்ட் அக்காவிடம் சொன்னார். அவரும் பழசு.

"நம்மளை அதுங்கன்னா சொன்னாரு?" வேலை போவதைவிட அதுதான் அக்காவைச் சுட்டது.

"கிடக்குதுங்கன்னாரு. என் காதால கேட்டேன்கா."

"தின்னுட்டுன்னு வேறயா?"

இருவரும் டிபன் டப்பாவை மூடினார்கள்.

மறுநாள் மதியம் ஸ்டோர்கீப்பர் சாப்பிடவே இல்லை. எண்ணிய குழாயையே மறுபடி எண்ணினார். மாலையில் மீண்டும் போனில் முதலாளியின் குரல்: "நேத்து பட்டினி போட்டது நல்லதாப் போச்சு. இப்பதான் சுறுசுறுப்பா இருக்குதுங்க."

அப்படியென்றால் கண்காணிக்கிறார்கள். ஸ்டோரில் கேமரா எங்கே என்று தேடினார். கூரையில் சிவப்பாய் மினுக்கிய தீ எச்சரிக்கைக் கருவியைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டுமென்று சிரித்து வைத்தார்.

மூன்றாம் நாள் காலை டிபனையும் விட்டார். பதினோரு மணிக்குத் தலை சுற்றி சிமெண்ட் மூட்டையில் சாய்ந்தபோது எதிரே முதலாளி.

"என்ன ஸ்டோர், உக்காந்துட்டீங்க?"

"எண்ணிட்டிருக்கேன் சார்."

"கண்ணை மூடிக்கிட்டா? கொஞ்சம் வெளியே போங்க. காத்தாட நின்னுட்டு வாங்க."

வெளியே. அந்த வார்த்தை வந்துவிட்டது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "இந்த வயசுல வேற எவன் உங்களுக்கு வேலை தருவான்?"

"எவனும் தரமாட்டான். ஆனா தள்ளி விட்டாங்கன்னு பேர் வாங்க மாட்டேன். நானே எழுதிக் குடுத்துடறேன்."

காலையில் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். முதலாளி இரண்டு முறை படித்தார்.

"இப்பதான் டைப்பிஸ்ட் அம்மா ஒண்ணு குடுத்துட்டுப் போனாங்க. என்னய்யா ஆச்சு உங்களுக்கெல்லாம்?"

"உங்களுக்கே தெரியும் சார்."

"எனக்கு ஒண்ணும் தெரியல. போறவங்களைக் கட்டியா வைக்க முடியும்?" பெருமூச்சு விட்டு இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, பழுப்புத் தண்ணீர் நிரம்பிய பாட்டிலோடு தொட்டி ஆபரேட்டர் உள்ளே வந்தார்.

"சார், நீங்க சொன்ன மாதிரி தொட்டியில இருந்த பழைய கிருமில பாதியை வெளியே தள்ளிட்டேன், மிச்சம் இருக்கறதுங்க அழுக்கை என்னமாத் தின்னுதுங்கன்னு பாருங்க."